சின்ன மலைதானே!

பாஸ்டனிலிருந்து தெற்கே அரை மணி நேரம் காரில் போனால் 'புளூ ஹில்ஸ்'. பெரிய மலையின் உயரமே 635 அடிதான். உச்சியில் 1885-ல் ஆரம்பித்த வானிலை ஆய்வுக்கூடம். ஒரு பக்கச் சரிவில் பனிச்சறுக்கு. சறுக்கி இறங்கும் உயரம் சுமார் 300 அடி, ஏறக்குறைய நம் பரங்கிமலை. ஆல்ப்ஸ், ஆஸ்பென் என்றெல்லாம் அலட்டிக்கொள்ளாத உள்ளூர் மலை.

2019 பிப்ரவரியில் ஸ்கூல் லீவு. ''நீயும் வா தாத்தா'' என்றான் பேரன். ''அப்பா, நீங்க சும்மா உக்காந்து பாருங்க, போதும்'' என்றாள் மகள். எனக்குப் போதவில்லை. சின்ன மலைதானே!

ஸ்கீ வாடகைக்குத் தரும் இடத்தில் ஒரு படிவம். வயது, உயரம், எடை, திறமை. ஜாதகம்தான் பாக்கி. பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கின் ஸ்பிரிங்கை இவற்றை வைத்துத்தான் முறுக்குகிறார்கள். விழும்போது அது கழன்றுகொள்ள வேண்டும். எடையைக் குறைத்து எழுதினால் பாதி வழியில் கழலும். திறமையைக் கூட்டி எழுதினால் கழலாமல் முட்டியைத் திருகும். ஐம்பது தாண்டியவர்களுக்குக் கொஞ்சம் தளர்த்தியே வைக்கிறார்கள். பொய் சொல்லக் கூடாத படிவம் வருமான வரி மட்டுமல்ல என்று தெரிந்தது. உண்மையே எழுதினேன்.

மகள் என் குரங்குக் குல்லாவைப் பிடுங்கிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். பேரன்தான் குரு. நிற்க வேண்டுமானால் ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்ட வேண்டும். பீட்சாத் துண்டு மாதிரி. ''பீட்சா தாத்தா, பீட்சா!''

போர்டில் விதிகள் எழுதியிருந்தன. முதன்மையானது, முன்னால் போகிறவருக்கே வழி உரிமை. பின்னால் வருகிறவர்தான் விலக வேண்டும். நம் ஊரில் பின்னால் வருகிறவருக்கு ஹாரன் இருக்கிறது, அதனால் உரிமையும் அவருக்கே. மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் நிற்காதே, கிளம்புமுன் மேலே பார் என்றும் இருந்தது.

இரண்டு முறை ஒழுங்காக இறங்கினேன். மூன்றாவது முறை கர்வம். வெயிலில் உருகி மறுபடி உறைந்த பனி, சிமென்ட் தரை மாதிரி. பீட்சா போட மறந்து மல்லாக்க விழுந்தேன். பின்மண்டை 'டொக்' என்றது. உடனே எழுந்து, ''ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை'' என்றேன்.

சிவப்பு ஜாக்கெட்டில் வெள்ளைச் சிலுவை போட்ட ஒரு பெண் வந்துவிட்டாள். ஸ்கீ பேட்ரல். 1936-ல் மின்னி டோல் என்பவர் வெர்மான்ட்டில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டபோது கூரைத் தகரத்தில் வைத்து இழுத்து வந்தார்களாம். கொஞ்ச நாளில் அவருடைய நண்பர் ஒருவர் பந்தயத்தில் விழுந்து இறந்தே போனார். அதற்குப் பிறகு 1938-ல் டோல் ஆரம்பித்த அமைப்பு இது. அந்தப் பெண் என் பெயர், ஊர், கிழமை எல்லாம் கேட்டாள். உட்கார வைத்தாள். தலைவலி, வாந்தி, அசாதாரணத் தூக்கம் எது வந்தாலும் நேரே எமர்ஜென்சி என்று மகளிடம் சொல்லி அனுப்பினாள். ''இதுக்குப் போய்...'' என்று முணுமுணுத்தேன்.

காரில் மகள் சொன்னாள். நடிகை நட்டாஷா ரிச்சர்ட்சன், 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' லியம் நீசனின் மனைவி. 2009 மார்ச்சில் கனடாவில் ஆரம்பப் பாடம் படிப்பவர்களின் சரிவில் விழுந்தார். ஹெல்மெட் இல்லை. எழுந்தார், சிரித்தார், ஒன்றுமில்லை என்றார். வந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போயிற்று. ஒரு மணி நேரம் போல் கழித்துத் தலைவலி. இரண்டு நாளில் இறந்துபோனார். வயது 45. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்து சேரும்போது, ஆரம்பத்தில் ஆள் தெளிவாகவே பேசுவாராம்.

நான் சொன்ன அதே 'ஒண்ணுமில்லை'. வழியெல்லாம் பேசவில்லை.

அன்று ராத்திரி மகள் இரண்டு முறை எழுப்பினாள். ''அப்பா, இன்னிக்கு என்ன கிழமை?''

''சனி.''

அவள் முகம் வெளுத்துவிட்டது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்றரை. ''சரிதான்'' என்று மூச்சுவிட்டாள். பதற்றத்தில் அவளுக்குத்தான் கிழமை மறந்துவிட்டது.

காலையில் எனக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. ஆனால், அதைச் சொல்ல வேண்டியவன் நானில்லை என்று புரிந்தது. மலைதான் சின்னது. தரை எல்லா மலையிலும் ஒரே கெட்டிதான்.