காதும் கவசமும்

நம் மன்றத்து இதழுக்கு அறிவியல் மாணவர் எவரேனும் ஆண்டுதோறும் ஒரு கட்டுரை எழுதியாக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். சென்ற ஆண்டு எழுதியவர் அணுக்கருவைப் பற்றி எழுதிவிட்டு, அதைத் தாமும் அச்சுப்பிழை திருத்தியவரும் அன்றி வேறு எவரும் படிக்கவில்லை என்று வருந்தினார். ஆகவே நான் அணுவுக்குள் நுழையப் போவதில்லை, காதுக்குள் நுழைகிறேன். மோட்டார் சைக்கிளில் போகிறவன் ஹெல்மெட்டுக்கு உள்ளே வலியில்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஓர் இயர்போனைத் தேடி மூன்று மாதம் அலைந்த கதை இது. தலைக்கவசம் என்றும் செவிக்கருவி என்றும் எழுதலாம்தான். ஆனால் புனேயின் புதவார் பேட்டைக் கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி எவராலும் எதையும் வாங்க முடியாது என்பதால், கடைக்காரன் அறிந்த பெயராலேயே எழுதுகிறேன்.

என் வீடு மும்பையில், தாராவியில். அப்பா பதினேழு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறியவர். வந்த நாள் முதல் தகடு அடிக்கும் பிரஸ் பட்டறை வேலைதான். நான் இங்கே புனேயில் இயற்பியல் முதுகலை படிக்கிறேன். மூத்த மாணவர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது தம் பழைய 150 சி.சி. வண்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்று முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் பயணம். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிக்கு இடமில்லை. தேகு ரோடு, காம்ஷேத், லோணாவளா என்று பழைய சாலையில் போய், மலையிறங்கி, கோபோலி, பன்வேல் வழியாக ஊர் சேர வேண்டும். டீ குடிக்கும் நேரத்தையும் சேர்த்தால் நான்கு மணி நேரம்.

நான்கு மணி நேரம் தனியே போகிறவனுக்கு ஒரு துணை வேண்டாமா? பன்வேலில் எந்தப் பாலத்தின் மேல் ஏறுவது, எதன் கீழே போவது என்று ஒருவர் காதில் சொன்னால் நல்லது. அவர் சொல்லாத நேரத்தில் இளையராஜா பாடினால் இன்னும் நல்லது. இந்த எளிய ஆசைதான் என்னைப் பிடித்தாட்டியது.

முதலில் கையில் இருந்ததை வைத்துக்கொண்டேன். காதிலிருந்து தண்டுபோல் கீழே தொங்கும் வகை. ஹெல்மெட்டைத் தலையில் இறக்கும்போதே அதன் பஞ்சுத் திண்டு இயர்போனை இழுத்துத் திருகிவிடும். சரிசெய்யலாம் என்றால் உள்ளே விரல் போகாது. கழற்றி, மீண்டும் வைத்து, மீண்டும் இறக்கி, விடுதி வாசலில் காவலர் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு நான்கு முறை நடக்கும். அப்படி ஒருவாறு பொருந்தினாலும், தளேகாவ் தாண்டுவதற்குள் காது எரியத் தொடங்கும். காது மடல் முழுவதும் குருத்தெலும்பு. அதன்மேல் மெல்லிய தோல். கீழ்நுனியைத் தவிர வேறெங்கும் கொழுப்பு என்னும் மெத்தை கிடையாது. ஹெல்மெட் வெளியிலிருந்து அழுத்த, இயர்போன் உள்ளிருந்து தாங்க, நடுவில் மாட்டிக்கொண்ட காது இஞ்சிபோல் நசுங்கும்.

அடுத்தது கழுத்தைச் சுற்றி வரும் பட்டை வகை. நேராகப் பார்த்து ஓட்டும்வரை அதில் குறையில்லை. லாரியை முந்த வேண்டித் தலையைத் திருப்பினேனோ இல்லையோ, பட்டை சட்டைக் காலருக்கும் ஹெல்மெட்டின் பின்விளிம்புக்கும் இடையில் சிக்கி, வலக்காதில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. திரும்பிப் பார்க்க வேண்டிய அந்த நொடியில் கவனமெல்லாம் காதில் இருந்தது. அன்றே அதை அறைத்தோழனுக்குத் தானம் செய்தேன்.

மூன்றாவதன் கதையைச் சொல்ல எனக்கே வெட்கம். தண்டில்லாத சிறிய வகைதான். ஆனால் அதன் முகம் தொட்டால் வேலை செய்யும் முகம். விரல் எது, ஹெல்மெட் திண்டு எது என்று அதற்குத் தெரியவில்லை. பாட்டு தானே நிற்கும், தானே தொடங்கும். ஒரு மேட்டில் வண்டி குலுங்கியபோது, கடைசியாக நான் பேசிய எண்ணுக்கு அதுவே அழைப்பும் விடுத்துவிட்டது. கடைசியாக நான் பேசியிருந்தது என் ஆய்வு வழிகாட்டியிடம். காற்றிரைச்சலுக்கு நடுவே நான் உரக்கப் பாடிக்கொண்டிருந்ததை அவர் எவ்வளவு நேரம் கேட்டார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை, “நீ தமிழ்ப் பாட்டு பாடுவாயா?” என்று மட்டும் ஆங்கிலத்தில் விசாரித்தார்.

இவ்வளவுக்குப் பிறகுதான் நான் இயற்பியல் மாணவன் என்பது என் நினைவுக்கு வந்தது. ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளக்காமல், அதில் வைக்கும் பொருளை வாங்கிக் குவிப்பது என்ன அறிவு? விடுதிச் சமையற்கட்டில் சப்பாத்தி மாவு ஓர் எலுமிச்சை அளவு வாங்கினேன். எதற்கு என்று கேட்ட சமையற்காரரிடம் ஆராய்ச்சி என்றேன், அவர் நம்பவில்லை. மாவை மெல்லிய பாலிதீனில் சுற்றிக் காதின்மேல் வைத்து, ஹெல்மெட்டை அணிந்து, சற்று நேரம் கழித்துக் கழற்றினேன். நசுங்கிய மாவின் கனத்தை ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவி சொல்லிற்று: இடப்பக்கம் 9 மில்லிமீட்டர், வலப்பக்கம் 6. என் தலை கோணல் என்று அம்மா சிறு வயதிலிருந்தே சொல்வதற்கு அன்று சான்று கிடைத்தது. பிறகு ஒவ்வோர் இயர்போனையும் காதில் வைத்து, அது காதைவிட்டு எவ்வளவு துருத்துகிறது என்று தோழன் அளந்தான். தண்டு வகை 11 மில்லிமீட்டர். வலி ஏன் வந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

ஹெல்மெட்டின் உள்ளிருக்கும் தெர்மோகோலைக் காதருகே கொஞ்சம் குடைந்துவிட்டால் இடம் கிடைக்குமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். இது தவறான யோசனை, யாரும் செய்யாதீர்கள். கீழே விழும்போது அந்தத் தெர்மோகோல்தான் நசுங்கி, மண்டைக்குப் போக வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டைத் தவிர வேறு விற்கக் கூடாது என்று சட்டமே வந்திருக்க, அந்த முத்திரையை வெளியே வைத்துக்கொண்டு உள்ளே கத்தி போடுவது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். காதுக்கு நேரே குழி வைத்து, அதில் தட்டையான ஒலிபெருக்கியைப் பொருத்தும் ஹெல்மெட்டுகளும் உண்டு. அழுத்தம் இராது. ஆனால் அது காற்றின் ஓசையை அடைப்பதில்லை. அதற்கு மேலாகக் கத்த வேண்டியிருக்கிறது.

நிற்க. காற்றின் ஓசை என்றேன். இந்தக் கட்டுரை எழுத வந்ததே அதற்காகத்தான்.

தீபாவளிக்கு முந்திய பயணம் அது. வழக்கம்போல் ஒலியை முழு அளவுக்கு ஏற்றிக்கொண்டு வீடு சேர்ந்தேன். காதுக்குள் ஒரு வண்டு ரீங்காரம். முன்பும் உண்டு, இரவு தூங்கினால் போய்விடும். அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஏதோ கேட்டாள். “என்னம்மா?” என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடியும் “என்ன?” என்றேன். கரண்டியோடு வெளியே வந்து என்னைப் பார்த்தாள். “நீயுமால?” என்றாள். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள்.

அப்பாவுக்குக் காது மந்தம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பிரஸ் அடித்த காது. இரைச்சலால் கெடும் காது ஒரேயடியாகச் செவிடாவதில்லை. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய மெல்லிய, கூர்மையான ஒலிகள். உயிரெழுத்துகள் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகள், அவை நிற்கும். மெய்யெழுத்துகள் நழுவும். அதனால் எங்கள் வீட்டில் “பால் வேணுமா?” என்று கேட்டால், “காலுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு” என்று பதில் வரும். சிறுவனாக இருந்தபோது நானும் தங்கையும் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். அப்பாவும் கூடச் சிரிப்பார். சில ஆண்டுகளாக அவர் பதில் சொல்வதையே குறைத்துக்கொண்டார். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பட்டறையில் காதுக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அவரே பஞ்சு திணித்துக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது. வெறும் பஞ்சு ஏறக்குறைய எதையும் தடுப்பதில்லை என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

விடுதிக்குத் திரும்பியதும் கணக்குப் போட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் 90 டெசிபெல் அளவில் இருக்கும். வேகம் 100ஐத் தாண்டினால் இரைச்சலும் 100ஐ நெருங்கும். எஞ்சின் சத்தம் அன்று இது. ஹெல்மெட்டின் கீழ்விளிம்பில் காற்று சுழித்து எழுப்பும் தாழ்ந்த உறுமல். தாழ்ந்த ஒலியைத் தடுப்பதில் ஹெல்மெட்டுக்குத் திறமை போதாது. 85 டெசிபெல்லை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்தான் காது தாங்கும் என்பது அமெரிக்க நாட்டுத் தொழில்நல ஆய்வு நிறுவனமாகிய நியோஷ் வகுத்த அளவு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 100க்குக் கால் மணி. நானோ நான்கு மணி நேரம் போகிறேன். போதாதற்கு அந்த இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று அதைவிட உரக்க வைக்கிறேன். அப்பாவுக்காவது கூலி கொடுத்தார்கள். நான் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்க் காதைக் கொடுத்துவிட்டு வருகிறேன்!

அதன்பிறகு தேடியது வேறு பொருள். உரக்கப் பாடும் இயர்போன் வேண்டாம். காற்றை வெளியே நிறுத்தும் இயர்போன் வேண்டும். துவாரத்தை நன்றாக அடைத்துவிட்டால் உள்ளே மெல்லப் பேசினாலே போதுமே. புதவார் பேட்டை, தாப்கீர் சந்தில் கடை கடையாக வெர்னியர் அளவியோடு ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் என்னைத் தங்க நகை மதிப்பிடுகிறவன் என்றே நினைத்தார். கடைசியில் கிடைத்தது காதுக் குழிக்குள்ளேயே அடங்கிவிடும் பொடி வகை. வெளியே 5 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தவில்லை. தொடு முகத்தைச் செல்பேசியிலிருந்தே அணைத்துவிடலாம். கூட வந்த ரப்பர் முனைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு நுரை முனைகளைத் தனியே வாங்கினேன். இடக்காதுக்கு நடுத்தரம், வலக்காதுக்குச் சிறிது. நுரையை விரலால் உருட்டி மெலிதாக்கி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பயனில்லை.

ஹெல்மெட் இழுத்துத் திருகும் தொல்லைக்கு மருந்து என் வகுப்புத் தோழியிடமிருந்து கிடைத்தது. புனேயில் வண்டி ஓட்டும் பெண்கள் தூசிக்காக முகத்தையும் காதையும் சேர்த்துத் துணியால் சுற்றிக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதல் ஆண்டில் நான் மிரண்டுபோன காட்சி அது. ஹெல்மெட் அந்தத் துணியின்மேல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. நானும் ஒரு பருத்தி முகமூடி வாங்கினேன். முதலில் இயர்போன், அதன்மேல் முகமூடி, பிறகு ஹெல்மெட்டின் வார்களை இரு பக்கமும் விரித்துப் பிடித்து நேராக இறக்குதல். காவலருக்குச் சிரிக்க வாய்ப்பில்லாமல் போயிற்று.

ஒலி இப்போது பாதிக்கும் கீழே. மெல்லிசை கேட்கிறது, பின்னால் வரும் லாரியின் ஹாரனும் கேட்கிறது. ஊருக்குள் நுழையுமுன் பாட்டை நிறுத்திவிடுகிறேன். வாஷிப் பாலம் தாண்டினால் வழி சொல்ல எனக்கு எவரும் தேவையில்லை. சில பயணங்களில் இயர்போனே இல்லாமல் வெறும் நுரை அடைப்பானோடு போகிறேன். பாட்டில்லாத நான்கு மணி நேரம் நான் பயந்த அளவுக்குச் சலிப்பாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்டாளாவில் நின்று டீ குடிக்கும்போது கண்ணாடி டம்ளர்கள் உரசும் ஓசை கேட்கிறது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் வண்டுதான் கேட்கும்.

சென்ற மாதம் வீட்டுக்குப் போய் அந்த அடைப்பான்களைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அப்பா ஒன்றை எடுத்து, தகட்டின் கனம் பார்ப்பதுபோல் இரு விரலால் நசுக்கினார். அது மெல்ல மெல்ல விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்னல?”

காதைத் தொட்டுக் காட்டினேன்.

“எவ்வளவு?”

கையை விரித்து மூன்று முறை காட்டினேன். ஒரு ஜோடி 15 ரூபாய்.

அவர் மறுபடியும் நசுக்கினார். மறுபடியும் அது விரிந்தது. “பட்டறைல புதுசா ரெண்டு பயலுவ சேந்திருக்கானுவ,” என்றார். “அடுத்த தடவை வரும்போது ரெண்டு ஜோடி வாங்கியாந்துரு.”