தொப்பூர் காட்டுல சைக்கிள் ஓட்டுறீங்களா?

தொப்பூர்னா உங்களுக்கு லாரி விபத்துதான் ஞாபகம் வரும். எனக்கு அந்தக் கணவாயைச் சுத்தின மண்பாதைகள். டியூட்டி இல்லாத காலையில சைக்கிளோட கிளம்பிடுவேன். மத்த நாள் எமர்ஜென்சி வார்டு. ரெண்டையும் பார்க்கிறவன் சொல்றேன், கேளுங்க.

1) வெயில்:
சித்திரையில 9 மணிக்குள்ள திரும்பிடுங்க. கூட வர்றவர் பேச்சு குழறினா, வியர்வை கொட்டினாலும் ஹீட் ஸ்ட்ரோக்னே எடுத்துக்கோங்க. நிழல்ல படுக்க வைச்சு, உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி விசிறுங்க. 108 கூப்பிடுங்க. நினைவு தப்பினவர் வாயில எதுவும் ஊத்தாதீங்க.

2) புகை:
தூரத்துல தெரிஞ்சாலே திரும்பிடுங்க. தீ மேட்டுல ஏறும்போது வேகமெடுக்கும். நம்ம வேகம் குறையும். 2018 மார்ச் 11, குரங்கணியில் தீயில் சிக்கி 23 உயிர்கள் போயின. மாஸ்க் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. அது ரத்தத்துல ஏறியிருந்தாலும் விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் நார்மல்னே காட்டலாம்.

3) மழை:
நனைஞ்ச சருகும் பாறையும் வழுக்கும். இறங்கித் தள்ளுங்க. இடி கேட்டா மரத்தடியில் ஒதுங்காதீங்க.

காப்புக்காடுன்னா வனத்துறை அனுமதி கட்டாயம். அதை வெறும் கையெழுத்துன்னு நினைக்காதீங்க. நீங்க உள்ளே இருக்கீங்கன்னு வெளியே ஒருத்தருக்குத் தெரியணும். தேடி வர ஆள் வேணும்ல?