இன்னொருவர் பார்க்கட்டும்

கணினி நிரல் எழுதும் குழுக்களில் நல்லதொரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதிய மாற்றம் எதுவும், குழுவில் இன்னொருவர் அதனை வரிவரியாகப் படித்து ஒப்பும்வரை பொது நிரலோடு இணைக்கப்படுவதில்லை. 1976இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கல் பேகன் இத்தகைய பரிசோதனையின் முறைகளை விரிவாக எழுதி வெளியிட்டார். இதனை மீளாய்வு என்கிறோம்.

தமிழ் கற்றோருக்கு இது புதுமையன்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசானுக்கு ஐயமற விளக்கப்பட்ட நூல் தொல்காப்பியம் என்று அதன் பாயிரத்தில் பனம்பாரனார் சொல்கிறார். அகத்தியரின் சினத்துக்கு அஞ்சிய ஆசான், குற்றம் காணும் நோக்குடனேயே அதனைக் கேட்டார் என்பது நச்சினார்க்கினியர் கூறும் கதை. கதை எவ்வாறாயினும் நூலுக்கு அதனால் நட்டமில்லை. வினாக்களுக்கெல்லாம் விடையிறுத்த பின்னரே அது அவையேறியது.

நிரலில் ஒரு வரி பிழைத்தால் உலகம் கவிழ்ந்துவிடுமா என்று கேட்போர் உளர். அவர்கள் 2004 டிசெம்பர் 26ஐ நினைத்துப் பார்க்கட்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் புகுந்து உயிர்களை வாரிச் சென்ற அந்நாட்களில், கொழும்பில் தொண்டர்கள் கூடிச் சில வாரங்களில் 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்பது அதன் பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி வழங்கும் அமைப்புகள் ஆகியவற்றின் பதிவேடு அது. எவரும் வாசிக்கவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளாக அது திறந்துவிடப்பட்டது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. அத்தகைய பட்டியலில் ஒரு பெயர் விடுபடுமாயின், பிள்ளையைத் தேடும் தாய்க்கு அது வெறும் நிரற்பிழையன்று.

எம்மிடம் தமிழ் பயின்று பின்னர் நிரலாளர்களான ஐவர், திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஒரு சிறு குழுவாக இயங்குகிறார்கள். ஒருவர் உட்துறைமுக வீதியிலும் ஒருவர் சீனக்குடாவிலுமாகத் தத்தம் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குச் சேமிப்புக் கணக்கு நிரல் ஆக்கிக் கொடுத்தார்கள். திரையில் வரும் தமிழைத் திருத்த நாம் அவர்களோடு அமர்வதுண்டு. ஓரிரவு, குழுவின் மூத்தவர் வட்டிக் கணக்கில் செய்த மாற்றம் வேறெவரும் பாராமலே இணைக்கப்பட்டது. அன்றன்று சேரும் வட்டியில் முழு ரூபாய்க்கு மேற்பட்ட சதங்களை அது வெட்டிக்கொண்டே வந்தது. மூன்று மாதம் கழித்துத் தம் புத்தகத்தைக் கையாற் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தவர், கருவாடு விற்கும் ஒரு பெண். உங்கள் முதல் மீளாய்வாளர் அவரே என்று நாம் சொன்னபோது எவரும் சிரிக்கவில்லை.

அதன் பின்னரே பொது நிரலுக்குப் பூட்டிட்டார்கள். மூத்தவருக்கு மனம் ஒப்பவில்லை. "எட்டு வருசமா எழுதுறன், சேர். என்னில நம்பிக்கை இல்லையோ?" என்றார். அவர் அச்சத்திலும் நியாயம் உண்டு. மேற்பார்வை என்றதும் தோட்டத்துக் கங்காணியின் பிரம்பு நினைவுக்கு வரும் நாடு இது. முதலில் வகுத்த விதியும் அத்தன்மையதே: மற்ற நால்வரின் எழுத்தை மூத்தவர் பார்ப்பார், அவர் எழுத்தை எவரும் பாரார். அதற்கு மீளாய்வு என்று பெயர் சூட்டினால் மட்டும் போதுமா? குழுவில் ஆக இளையவள்தான் கேட்டாள்: "அண்ணா எழுதுறதை நானும் வாசிச்சால்தானே எனக்கு விளங்கும்? நாளைக்கு அவர் வேற வேலைக்குப் போனால் ஆர் பாக்கிறது?" விதி மாறியது.

இப்போது மூத்தவர் உட்பட எவர் மாற்றமும் இன்னொருவர் ஒப்பாமல் இணையாது. மாற்றம் சிறிதாக இருக்கவேண்டும்; இரண்டாயிரம் வரிகளை ஒருங்கே நீட்டினால் பார்ப்பவர் களைத்துப்போய் ஒப்பிவிடுவார். இடைவெளி, அடைப்புக்குறி போன்றவற்றைப் பொறியே பார்த்துக்கொள்கிறது. கருவாட்டுக்காரியின் பணம் சரியாக வருகிறதா என்பதை மனிதர் பார்க்கிறார்.

ஒப்புதல் சடங்காகிவிடும் ஆபத்தும் உண்டு. இணையத்தில் செய்திகளை மறைத்து அனுப்ப உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில் 2011ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாற்றம் சேர்ந்தது. எழுதியவரும் பிழையைக் காணவில்லை. படித்து ஒப்பியவரும் காணவில்லை. 2014 ஏப்பிரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெயரில் அது வெளிப்பட்டபோது, கடவுச்சொற்களும் இரகசியத் திறவுகோல்களும் கசியும் நிலையில் உலகெங்கும் கணினிகள் கிடந்தன. அம்மென்பொருளை முழுநேரமாகப் பேணியவர் அந்நாளில் ஒருவரே. பெருநிறுவனங்கள் அதனை இலவசமாக எடுத்துப் பயன்படுத்தின. காக்கும் கண்களுக்குக் கூலி கொடுக்கப் பெரும்பாலானவற்றுக்குத் தோன்றவில்லை.

இங்கும் சிக்கல் அதுவே. குழுவுக்கு வேலை தரும் நிறுவனமொன்று எழுதிய நேரத்துக்கு மட்டும் ஊதியம் கணக்கிடுகிறது; வாசித்த நேரம் அதன் கண்ணில் வேலையன்று. இரவிரவாகக் கொப்பி திருத்தும் ஆசிரியர்களாகிய நமக்கு இந்தக் கணக்கு நன்றாக விளங்கும். அடுத்த ஒப்பந்தத்தில் மீளாய்வு நேரத்தையும் ஊதியத்தில் சேர்க்கவேண்டுமென்று ஐவரும் கையொப்பமிட்டு எழுதியிருக்கிறார்கள். கடிதத்தை வரைந்தவர் மூத்தவர். அனுப்புமுன் இளையவள் அதில் இரண்டு வரிகளை வெட்டினாள். மறுமொழி இன்னும் வரவில்லை.