'பயப்பட வேண்டாம்' என்று சொல்வதற்கு முன்...

வானொலி அறிவிப்பாளர்களின் வாயில் தானாக வந்துவிடும் சில சொற்கள் உண்டு. 'பயப்பட வேண்டாம்' அவற்றில் ஒன்று. வெள்ளம் வந்தாலும் சொல்வோம், புகைமூட்டம் வந்தாலும் சொல்வோம், ஏதாவது வதந்தி பரவினாலும் சொல்வோம். கேட்பவர்களுக்கும் அது பிடிக்கும். விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவருக்குப் பழகிய குரல் ஒன்று ஆறுதல் சொன்னால் இதமாகத்தானே இருக்கும்?

பதினான்கு ஆண்டுகளாக ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்திருக்கிறேன். நிலநடுக்கம் என்று வரும்போது மட்டும் அந்தச் சொல்லை நான் சுலபமாகப் பயன்படுத்துவதில்லை. அதற்குக் காரணம் இத்தாலியில் இருக்கும் ஒரு பழைய நகரம். அந்த நகரத்தின் கதை என் வீட்டுக்குள்ளேயே எதிரொலித்த ஒரு நாளும் வந்தது.

2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.13 மணிக்கு ஜோகூர், சிகாமட் வட்டாரத்தில் நிலம் நடுங்கியது. அளவு 4.1. அடுத்த சில நாள்களில் இன்னும் சில சிறிய அதிர்வுகள். என் மாமியார் அங்கேதான் ஒரு தாமானில் இருக்கிறார். அன்று காலையிலேயே தொலைபேசியில் அழைத்தார். "லோரி வந்து வீட்டு மேல மோதுன மாதிரி இருந்துச்சுப்பா. அலமாரியில இருந்த எவர்சில்வர் எல்லாம் கலகலன்னு சத்தம். நான் வாசல்ல வந்து நின்னுட்டேன்" என்றார்.

என் கணவர் தூக்கக் கலக்கத்தில் சொன்ன பதில் இது: "ஒன்னும் இல்லம்மா. சின்னது வந்தா நல்லதுதான். உள்ள இருக்கிற அழுத்தம் குறைஞ்சிடும். இனிமே பெருசு வராது. போய்ப் படுங்க."

அம்மாவை அமைதிப்படுத்த ஒரு மகன் அன்பாகச் சொன்ன வார்த்தை. அன்று மாலைக்குள் அதே கருத்து எங்கள் குடும்பப் புலனக் குழுவுக்கு மூன்று பேர் வழியாக வந்துவிட்டது. மறுநாள் நிகழ்ச்சியில் அழைத்த நேயர் ஒருவரும் அதையே கேட்டார்: "சின்ன நடுக்கம் வந்துட்டா பெரிய நடுக்கம் வராதாமே, உண்மையா?"

உண்மையில்லை. நிலநடுக்கத்தின் அளவு ஓர் எண் கூடினால், வெளியாகும் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு கூடுகிறது. இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு. அளவு 6 உள்ள ஒரு நடுக்கத்தின் சக்தி சிறுகச் சிறுக வெளியேற வேண்டுமானால், அளவு 4 உள்ள நடுக்கம் ஆயிரம் முறை வரவேண்டும். பெரும்பாலான சிறு நடுக்கங்களுக்குப் பிறகு பெரியது வருவதில்லை என்பது சரி. ஆனால் சிறியது வந்ததனால்தான் பெரியது வராது என்பது சரியல்ல. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரு நகரத்தில் பல உயிர்கள் சம்பந்தப்பட்டதாகிவிட்டது.

கழுகின் பெயர் கொண்ட நகரம்

அந்த நகரம் லாக்விலா. இத்தாலிய மொழியில் 'கழுகு' என்று பொருள். ரோமுக்கு வடகிழக்கே, மலைகளுக்கு நடுவில், 13ஆம் நூற்றாண்டில் உருவான ஊர். சுற்றியிருந்த 99 கிராமங்கள் சேர்ந்து உண்டாக்கியது என்று அவர்கள் கதை சொல்வார்கள். 99 குழாய்கள் என்ற பெயரில் அங்கே ஒரு பழைய நீரூற்றும் உண்டு. நிலநடுக்கம் அந்த ஊருக்குப் புதிதல்ல. 1703இல் வந்த ஒன்று நகரையே தரைமட்டமாக்கி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது.

அதனால் அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு பழக்கம். நிலம் லேசாக ஆடினாலும் பெரியவர்கள் பிள்ளைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். ஊர்ச் சதுக்கத்தில் நிற்பார்கள், காருக்குள் தூங்குவார்கள், விடிந்த பிறகு வீட்டுக்குப் போவார்கள். பழைய கல் வீடுகளில் வாழ்கிறவர்களுக்கு அது அனுபவம் கற்றுக்கொடுத்த பாடம்.

2009 தொடக்கத்திலிருந்து அங்கே சிறு அதிர்வுகள் வந்துகொண்டே இருந்தன. மார்ச் 30ஆம் தேதி வந்தது அளவு 4ஐத் தாண்டியது. ரேடான் வாயுவை அளந்து நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியும் என்று ஒருவர் கூறிவந்ததால் பதற்றம் வேறு. மறுநாள், மார்ச் 31, அரசாங்கத்தின் பேரிடர் ஆலோசனைக் குழு லாக்விலாவிலேயே கூடியது. நாட்டின் முன்னணி நிலநடுக்க ஆய்வாளர்கள் வந்திருந்தார்கள். 1703 போல ஒன்று விரைவில் வருவதற்கான வாய்ப்பு குறைவு, ஆனால் அறவே வராது என்று சொல்ல முடியாது என்பது அங்கே பேசப்பட்டது.

அந்த 'ஆனால்' மக்களிடம் போய்ச் சேரவில்லை. சேர்ந்தது ஒரு தொலைக்காட்சிப் பேட்டி. குடிமக்கள் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர் பெர்னார்டோ டி பெர்னார்டினிஸ், கூட்டம் தொடங்குமுன்பே கொடுத்த பேட்டி அது. சக்தி தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருப்பதால் நிலைமை சாதகமானது என்று விஞ்ஞானிகள் சொல்வதாக அவர் சொன்னார். அப்படியென்றால் ஒரு கிளாஸ் ஒயின் குடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்று நிருபர் கேட்டார். அவரும் அந்த வட்டாரத்து ஒயினின் பெயரைச் சொல்லி ஆமோதித்தார். இயல்பான, சிநேகமான பேச்சு. எங்கள் தொழிலில் இதை 'நல்ல பேட்டி' என்போம்.

ஏப்ரல் 5, ஞாயிறு இரவு 11 மணிக்குச் சற்று முன் ஓர் அதிர்வு. நள்ளிரவு தாண்டி இன்னொன்று. பழைய பழக்கப்படி சிலர் வெளியே வந்தார்கள். பலர் பேட்டியை நினைத்துக்கொண்டு படுக்கைக்குத் திரும்பினார்கள். அதிகாலை 3.32 மணிக்கு அளவு 6.3 நிலநடுக்கம் வந்தது. இறந்தவர்கள் 309 பேர். பல்கலைக்கழக மாணவர் விடுதி ஒன்று இடிந்து எட்டு மாணவர்கள் இறந்தார்கள். வீடிழந்தவர்கள் பல்லாயிரம்.

வழக்கு என்ன சொன்னது?

2012 அக்டோபரில் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் ஆறாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 'நிலநடுக்கத்தைக் கணிக்கத் தவறிய விஞ்ஞானிகளுக்குச் சிறை' என்று உலகமெங்கும் தலைப்புகள் வந்தன. நான் வானொலிக்கு வந்து ஓராண்டு முடிந்திருந்த நேரம். எங்கள் தேநீர் அறையில் எல்லாருமே விஞ்ஞானிகள் பக்கம்தான். எந்த நாளில், எந்த இடத்தில் நிலம் நடுங்கும் என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியாதே!

ஆனால் அரசுத் தரப்பு வாதம் கணிக்கவில்லை என்பதல்ல. ஆபத்தைச் சரியாக எடைபோடாமல், மக்களுக்குப் பொய்யான ஆறுதல் கொடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. உயிர்தப்பிய குடும்பத்தினர் சாட்சிக் கூண்டில் ஏறி, எங்கள் அப்பா அம்மா காலத்திலிருந்து நாங்கள் வெளியே போவோம், அன்று மட்டும் போகவில்லை என்ற பொருளில் பேசினார்கள். 2014இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுவிக்கப்பட்டார்கள். பேட்டி கொடுத்த அதிகாரியின் தண்டனை இரண்டாண்டாகக் குறைந்தது, ஆனால் நீங்கவில்லை. 2015இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. குழுவின் அறைக்குள் பேசியது குற்றமாகவில்லை. மக்களிடம் சொன்ன விதம்தான் குற்றமாக நின்றது.

கதை அதோடு முடியவில்லை. 24 பேரைப் பலிகொண்ட ஒரு கட்டடம் தொடர்பான இழப்பீட்டு வழக்கில், 2022இல் லாக்விலா நீதிமன்றம் ஒன்று, அத்தனை அதிர்வுக்குப் பிறகும் வெளியேறாமல் தூங்கியதால் இறந்தவர்களுக்கும் 30 விழுக்காடு பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. முதலில் 'நிம்மதியாக இருங்கள்' என்ற குரல். பதின்மூன்று ஆண்டு கழித்து 'ஏன் நிம்மதியாக இருந்தீர்கள்' என்ற கேள்வி. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாம் ஆடிய நாள்கள்

லாக்விலா இடிந்த அதே 2009ஆம் ஆண்டு, செப்டம்பர் 30. மாலை ஆறேகால் மணியளவில் சுமத்ராவின் பாடாங் நகருக்கு அருகே அளவு 7.6 நிலநடுக்கம். அப்போது நான் ஊடகத் துறை மாணவி. கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடியின் பன்னிரண்டாம் மாடியில் நான்கு பெண்களாகக் குடியிருந்தோம். முதலில் எனக்குத் தலைசுற்றுகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால், போடாத காற்றாடி மெதுவாக ஆடுகிறது, வாளித் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகிறது. தொலைதூர நிலநடுக்கத்தின் அலைகள் இப்படித்தான் மெதுவாக, நீளமாக வரும். அவை உயரமான கட்டடங்களைத்தான் அதிகம் ஆட்டும். கீழ்மாடிக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது.

படியிறங்கிக் கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். ஒருவர் தன் காரைத் திறந்து வானொலியைப் போட்டார். மலாய்க்காரர், சீனர், தமிழர் என இருபது முப்பது பேர் அந்தக் காரைச் சுற்றி நின்றோம். பாட்டு வந்தது. விளம்பரம் வந்தது. மறுபடியும் பாட்டு. நெடுநேரம் கழித்து ஒரு வரி: நாட்டில் பாதிப்பு இல்லை, பொதுமக்கள் பயப்பட வேண்டாம். அவ்வளவுதான். எங்கே நடுங்கியது, இன்னும் வருமா, மின்தூக்கியில் ஏறலாமா? எதுவும் இல்லை. பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற ஓர் அக்காள், "பயப்படாம இருக்கிறதுக்கு ஏதாச்சும் சொன்னாத்தானே பயப்படாம இருக்க முடியும்?" என்றார். பாடாங் பகுதியில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்த செய்தி பிறகுதான் தெரிந்தது.

2012 ஏப்ரல் 11 மாலை சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6. அப்போது நான் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பினாங்கு, கெடா, பெர்லிஸ் கரையோரங்களுக்குச் சுனாமி எச்சரிக்கை. நேயர்கள் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். 'ஒன்னும் இல்லன்னு சொல்லுங்கம்மா' என்று கெஞ்சியவர்களும் உண்டு. 2004இல் நம் நாட்டில் சுனாமிக்கு 68 பேரைப் பறிகொடுத்தோம், அதில் பெரும்பாலோர் பினாங்கில். அந்தப் பயத்துக்கு வேர் இருக்கிறது. எங்கள் தயாரிப்பாளர் என் முன்னால் ஒரு தாளை வைத்தார். அதில் நான்கே கேள்விகள்: என்ன தெரியும்? என்ன தெரியாது? மக்கள் இப்போது என்ன செய்ய வேண்டும்? அடுத்து எப்போது சொல்வோம்? "இதுக்கு வெளிய ஒரு வார்த்தையும் வேணாம்மா" என்றார்.

பினாங்கில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்த என் பெரியம்மா, அறிவிப்பைக் கேட்டதும் பேரப்பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு மேட்டுப் பகுதிக்குப் போய்விட்டார். அண்டை வீட்டார் சிரித்தார்களாம். அந்த நடுக்கத்தில் கடலடித் தட்டுகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. இரவு பேசும்போது, "வீண் அலைச்சலா போச்சா பெரியம்மா?" என்று கேட்டேன். "என்ன வீணு? பிள்ளைங்களுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் குடுத்தேன், சாப்பிட்டு வந்தாங்க. வராம போனா சந்தோஷம்தானே" என்றார்.

என்ன சொல்லலாம்?

சிகாமட்டும் லாக்விலாவும் ஒன்றல்ல. இத்தாலியின் அந்த மலைத்தொடர் உயிர்ப்புள்ள நிலநடுக்க வட்டாரம். நம் தீபகற்பத்தில் இருப்பவை பழைய பிளவுகள். 2007 முதல் புக்கிட் திங்கியிலும் சிறு நடுக்கங்கள் வந்து போயின. சபா மட்டும் வேறு மாதிரி. 2015 ஜூன் 5இல் ரானாவில் வந்த 6.0 நடுக்கம், கினபாலு மலையில் 18 பேரின் உயிரைக் குடித்தது. சிங்கப்பூரிலிருந்து போன தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

ஆகவே பீதி வேண்டியதில்லை. தகவல் வேண்டும். ஆடும்போது ஓடாதீர்கள். உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து தலையை மறையுங்கள். கண்ணாடிச் சன்னலை விட்டு விலகுங்கள். ஆட்டம் நின்ற பிறகு படிகளில் இறங்குங்கள், மின்தூக்கி வேண்டாம். கடலோரத்தில் நீண்ட நேரம் ஆடினாலோ கடல் உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போங்கள். தூரத்தில் நடந்ததுதானே என்றும் விட்டுவிடாதீர்கள். 2025 மார்ச்சில் மியன்மாரில் நிலம் நடுங்கியபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பேங்காக்கில் கட்டப்பட்டுவந்த அடுக்குமாடி ஒன்று நொறுங்கி விழுந்தது.

வானொலியில் நான் பேசுவது ஆயிரக்கணக்கானவர்களிடம். நீங்கள் பேசுவது உங்கள் அம்மாவிடம், பிள்ளையிடம், புலனக் குழுவிடம். பேட்டி கொடுத்த அந்த அதிகாரியின் இடத்தில் ஒரு நாள் நம்மில் யாரும் இருக்கக்கூடும். ஆறுதல் சொல்வதில் தவறில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி, எதிரே இருப்பவரின் எச்சரிக்கை உணர்வைப் பிடுங்கிவிடக்கூடாது. வாசலில் வந்து நிற்கிற மனுஷியைப் போய்ப் படுங்கள் என்று சொல்வதற்குப் பதிலாக, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள், நானும் தொலைபேசியில் இருக்கிறேன் என்று சொல்லலாம்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5ஆம் தேதி இரவு லாக்விலா மக்கள் தீப்பந்தங்களோடு தெருவில் நடக்கிறார்கள். இறந்தவர்களுக்காக 309 முறை மணி ஒலிக்கிறது. இடிந்த தேவாலயங்களும் வீடுகளும் பெருமளவு எழுந்துவிட்டன. 2026ஆம் ஆண்டுக்கான இத்தாலியின் கலாசாரத் தலைநகரமாகவும் அந்த ஊர் தேர்வு பெற்றது. ஆனாலும் அந்த ஓர் இரவில் மட்டும், வீட்டுக்குள் இருக்காமல் அவர்கள் வெளியே வந்துவிடுகிறார்கள்.