ட்ரிங் மியூசியத்தில் ஒரு போலிப் பத்திரம்

இந்த முறை மகள் வீட்டுக்குப் போனபோது, லண்டன் டவர், பிக் பென் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எல்லாம் போன தடவையே பார்த்தாயிற்று. முழங்காலும் முன்போல ஒத்துழைப்பதில்லை.

"அப்ப என் மியூசியத்துக்கு வா அம்மாச்சி" என்றாள் ஒன்பது வயதுப் பேத்தி.

அவள் "என் மியூசியம்" என்று உரிமை கொண்டாடுவது ட்ரிங் என்ற சிற்றூரில் இருக்கிறது. மகள் குடியிருக்கும் வாட்ஃபோர்டில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் ஸ்டேஷன் ஓரிடம், ஊர் ஓரிடம், நடுவே இரண்டு மைல். நம் பக்கத்திலும் அப்படி எத்தனை ஊர்கள்! பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்ச் சேர்ந்தோம்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒரு கிளை இது. டிக்கெட் கிடையாது. வால்டர் ராத்ஸ்சைல்டு என்ற வங்கி முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு 21-வது பிறந்தநாள் பரிசாக அப்பா 1889-ல் கட்டித்தந்த கட்டடம். பிறந்தநாளுக்கு சைக்கிள் கேட்டு அடி வாங்கிய தலைமுறை நான். வால்டர் வரிக்குதிரைகளை வண்டியில் பூட்டி லண்டன் தெருவில் ஓட்டியவர். அந்தப் புகைப்படத்தைப் பார்த்து என் பேத்தி ஒவ்வொரு முறையும் சிரிப்பாளாம். 1892-ல் பொதுமக்களுக்குக் கதவு திறந்தார்கள்.

உள்ளே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி அலமாரிகள். கரடி, காண்டாமிருகம், பாம்பு, மீன், நாய் வகைகள் என்று இண்டு இடுக்கு இல்லாமல் அடுக்கியிருக்கிறார்கள். மெக்சிகோவில் யாரோ பொறுமைசாலி துணி உடுத்திவிட்ட தெள்ளுப்பூச்சிகளும் உண்டு. பூதக்கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். பெரியவர்கள்தான் அங்கே அதிக நேரம் நிற்கிறார்கள்.

பேத்திக்கு ஒவ்வொரு பெட்டி முன்னாலும் ஒரே கேள்வி. "இது இன்னும் இருக்கா, போயிடுச்சா?"

முன்பாதி வரிக்குதிரை, பின்பாதி பழுப்புக் குதிரை போலிருந்த குவாக்கா போய்விட்டது. கடைசி குவாக்கா 1883-ல் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சி சாலையில் செத்தது. முதுகில் வரிகள் கொண்ட டாஸ்மேனியப் புலியும் போய்விட்டது. அதன் கடைசிப் பிராணி 1936-ல் ஹோபார்ட் நகரில். இப்படித் தேதியோடு சொல்ல முடிகிறவை சுலபம். சொல்ல முடியாதவைதான் சிக்கல். அந்தச் சிக்கலின் மூட்டை இந்த மியூசியத்தின் இன்னொரு கட்டடத்தில் இருக்கிறது. நம்மைப் போன்ற பார்வையாளர்களுக்கு அங்கே அனுமதியில்லை.

பஞ்சடைத்து, கால்களைக் கட்டி, இழுப்பறைகளில் மல்லாக்கப் படுக்கவைத்த பறவைத் தோல்கள். எண்ணிக்கை ஏறக்குறைய ஏழரை லட்சம். உலகத்துப் பறவை இனங்களில் நூற்றுக்கு 95-க்கு அங்கே ஒரு சாட்சியாவது இருக்கிறது. ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டிய சின்னச் சீட்டு: எங்கே, எப்போது, யார் எடுத்தது.

2009 ஜூன் மாத இரவொன்றில், அமெரிக்காவிலிருந்து வந்து லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் நாங்கள் வந்த அதே ரயில் பாதையில் ட்ரிங் வந்து இறங்கினான். ஜன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே போய், 299 தோல்களை சூட்கேஸில் அடைத்துக்கொண்டு போய்விட்டான். தூண்டில் முள்ளில் அலங்காரமாகக் கட்டும் இறகுகளுக்கு அவ்வளவு கிராக்கி. காணவில்லை என்று தெரியவே ஒரு மாதம் ஆனது. பிடிபட்ட பிறகு முழுசாகத் திரும்பி வந்தவை 174. அதிலும் காலில் சீட்டோடு வந்தவை 102 மட்டுமே. மற்றவை அழகான இறகுகள், அவ்வளவுதான். எந்த ஊர்ப் பறவை, எந்த வருஷத்துப் பறவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இது எனக்கு உறைத்ததற்குக் காரணம் உண்டு. 31 வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள் நான். காலில் கட்டிய அந்தச் சீட்டுதான் தாய்ப்பத்திரம். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது வில்லங்கச் சான்று மாதிரி. 'இந்த இனம் அழியும் நிலையில் இருக்கிறது' என்று பட்டியலில் எழுதுகிறவர்கள் பழைய பதிவுகளையும் புரட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். முன்பு எங்கெல்லாம் இருந்தது, கடைசியாக எந்த ஆண்டு கிடைத்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று ஒப்பிட வேண்டுமே. தாய்ப்பத்திரமே போலி என்றால்?

அப்படி ஒன்று இங்கேயே நடந்திருக்கிறது. அதுவும் நம் நாட்டுப் பறவை விஷயத்தில்.

ஆலன் ஆக்டேவியன் ஹியூமை, காங்கிரஸைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவராகப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவருக்கு அதைவிடப் பெரிய பைத்தியம் பறவைகள். சிம்லா வீட்டில் பல வருஷங்களாக எழுதிவைத்த பறவைக் குறிப்புகளை வேலைக்காரர் ஒருவர் பழைய பேப்பர் விலைக்குப் போட்டுவிட்டார். மனம் விட்டுப்போன ஹியூம், தோலும் முட்டையுமாகச் சேர்த்துவைத்திருந்த சுமார் 82,000 சேகரிப்பை 1885-ல் லண்டன் அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக் கொடுத்தார். அதே வருஷம் டிசம்பரில்தான் காங்கிரஸ் பிறந்தது. எடைக்குப் போன அந்தக் காகிதக் கட்டுக்கும் காங்கிரஸுக்கும் முடிச்சுப் போட எனக்கு ஆசைதான். சரித்திர ஆசிரியர்கள் அடிக்க வருவார்கள்.

1873-ல் ஹியூம் பெயர் வைத்து உலகுக்கு அறிவித்த பறவைகளில் ஒன்று, மத்திய இந்தியக் காடுகளில் வாழும் குட்டையான ஓர் ஆந்தை. காட்டுச் சிற்றாந்தை என்று வைத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் மொத்தம் ஏழே தோல்கள்தான் இருப்பதாகக் கணக்கு. ஆறு தோல்கள் 1884-க்குள் எடுத்தவை. ஏழாவது மட்டும் 1914-ல் குஜராத்தின் மாண்ட்வி அருகே எடுத்ததாகச் சீட்டு சொன்னது. எடுத்தவர் ரிச்சர்ட் மைனர்ட்சாகன். பிரிட்டிஷ் ராணுவ கர்னல், பெரிய பறவை நிபுணர் என்று பெயர் வாங்கியவர், 20,000 தோல்களை அருங்காட்சியகத்துக்கு அன்பளித்த புண்ணியவான். யாருக்குச் சந்தேகம் வரும்?

பறவை நூல்களிலும் 1914 ஏறிவிட்டது. அந்த ஊர்ப் பெயரை நம்பித் தேடியவர்களுக்கு ஓர் இறகுகூடக் கிடைக்கவில்லை. எங்குமே இல்லை போலும், அழிந்திருக்கும் என்றே பலர் முடிவு கட்டினார்கள்.

1990களில் அமெரிக்க ஆய்வாளர் பமீலா ராஸ்முசென் இந்தச் சேகரிப்பை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். நைஜல் காலர் என்ற ஆய்வாளரும் சேர்ந்துகொண்டார். ஒவ்வொருவர் பஞ்சடைக்கும் விதமும் ஒவ்வொரு கையெழுத்து போன்றது. அந்த ஏழாவது ஆந்தையை எக்ஸ்ரே எடுத்து, தையலைப் பிரித்து ஆராய்ந்தபோது, உள்ளே இருந்தது வேறொருவர் கைவேலை. 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற அதிகாரி கான்தேஷ் பகுதியில் எடுத்த பறவை அது. மைனர்ட்சாகன் அதை அருங்காட்சியகத்திலிருந்தே திருடி, பஞ்சை மாற்றி, புதுச் சீட்டு கட்டி, தன் கண்டுபிடிப்பாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். திருட்டு நகையை உருக்கி அதே வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வைத்த மாதிரி.

போலி என்று தெரிந்ததும் மாண்ட்வியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, மற்ற ஆறு சீட்டுகளில் இருந்த ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டு 1997 நவம்பரில் ராஸ்முசென், பென் கிங், டேவிட் அபாட் மூவரும் இந்தியா வந்தார்கள். இரண்டு வாரம் போல அலைந்திருப்பார்கள். மகாராஷ்டிராவில் ஷஹாதா அருகே, பட்டப்பகலில், இலையில்லாத மரத்து உச்சியில் உட்கார்ந்திருந்தது ஆந்தை. 113 வருஷம் கழித்து!

அதன் பிறகு மேல்காட், மும்பை பக்கத்துத் தான்சா காடுகள் என்று வேறு இடங்களிலும் கிடைத்தது. சிவப்புப் பட்டியலில் 'மிக மோசமான ஆபத்து' என்ற நிலையிலிருந்து 2018-ல் 'ஆபத்து' என்ற நிலைக்கு ஒரு படி இறக்கினார்கள். பள்ளிக்கூட ரேங்க் இல்லை, இங்கே இறங்கினால் சந்தோஷம்.

மியூசியத்தின் தேநீர்க் கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லி முடித்தபோது பேத்தி கேட்டாள்.

"நீங்க எப்பவாச்சும் தப்பா எழுதியிருக்கீங்களா அம்மாச்சி?"

எழுதியிருக்கிறேன். 114/2 என்ற சர்வே எண்ணை 141/2 என்று ஏற்றினேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம், ஒரு முகூர்த்த நாள், கூட்டம். அந்த மனிதர் மகள் கல்யாணத்துக்காக நிலத்தை விற்க வந்தபோதுதான் தெரிந்தது. பிழை திருத்தல் பத்திரம் முடிந்து கைக்கு வர எட்டு மாதம். கல்யாணம் வட்டிக்கு வாங்கி நடந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மைனர்ட்சாகன் வேண்டுமென்றே செய்தார், நான் அவசரத்தில் செய்தேன். சீட்டைப் படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பேத்தி என் போனை வாங்கி, உலகத்து அருங்காட்சியகங்களின் பதிவுகளை ஒன்றுசேர்த்துக் காட்டும் ஜி.பி.ஐ.எஃப். தளத்தைத் திறந்தாள். தலைமையகம் கோபன்ஹேகனில். நீங்களும் பார்க்கலாம், காசில்லை. பெயரைக் கொடுத்தால் எங்கே எடுத்தது, எந்த ஆண்டு, எந்த அலமாரியில் இருக்கிறது என்ற விவரங்களோடு சிவப்புப் பட்டியல் நிலையும் வரும். நிலை இன்றையது, தோல் அன்றையது. சுட்டு எடுத்த நாளில் சிவப்புப் பட்டியலே கிடையாது. அது 1964-ல்தான் வந்தது.

இதிலும் வில்லங்கம் உண்டு. நம் ஆந்தைக்குப் புத்தகத்துக்குப் புத்தகம் இரண்டு அறிவியல் பெயர்கள்: ஹெட்டெரோகிளாக்ஸ், அத்தீனி. ஒரு பதிவேடு பழைய பெயரிலும் இன்னொன்று புதுப் பெயரிலும் இருந்தால், கம்ப்யூட்டர் 'அப்படி ஒரு பறவை பட்டியலில் இல்லை' என்று கையை விரித்துவிடும். பழைய சர்வே எண், புதிய சர்வே எண் தெரியாமல் பட்டா தேடி அலைந்தவர்களுக்கு இது புரியும். இன்னொன்று, ஆபத்திலிருக்கும் இனங்களின் சரியான இருப்பிடத்தைச் சில பதிவுகளில் வேண்டுமென்றே மங்கலாக்கி வைக்கிறார்கள். திருடனும் அதே போனைத்தானே பார்ப்பான்!

"நம்ம ஊருப் பறவை ஒண்ணு சொல்லுங்க" என்றாள்.

ஜெர்டான் கோர்சரைச் சொன்னேன். தெலுங்கில் கலிவிக்கோடி. மெட்ராஸ் ராணுவத்தில் டாக்டராயிருந்த ஜெர்டான் பெயரால் வழங்கும், இரவில் ஓடித்திரியும் பறவை. 1900-க்குப் பிறகு காணாமல் போய், 1986-ல் கடப்பா பக்கத்து லங்கமலைக் காட்டில் திரும்பக் கிடைத்தது. சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் ஒன்று அதன் வீட்டுக்குள்ளேயே போக இருந்தது. 2005-ல் தோண்டத் தொடங்கியதை நிறுத்தி, பாதையை மாற்றினார்கள். நான் குடித்த தண்ணீரில் இப்படி ஒரு வழக்கு இருந்தது எனக்குத் தெரியாது.

அதன் முட்டையை யாரும் பார்த்ததில்லை என்றே நினைத்திருந்தார்கள். 2013-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகச் சேகரிப்பில் ஒன்று இருப்பது தெரிந்தது. அங்கே பொறுப்பிலிருந்த ஆலன் நாக்ஸ் கண்ணில் பட்டு, டி.என்.ஏ. சோதனையில் உறுதியானது. எர்னஸ்ட் மீட்டன் என்ற கால்நடை மருத்துவர் 1917-ல் எடுத்து, எடின்பரோவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்கிருந்து அபர்டீன் வந்த முட்டை. எடுத்த ஊர் எது தெரியுமா? நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய கோலார் தங்கவயல்.

"கே.ஜி.எஃப்.பா!" என்றாள், சினிமா பார்த்த குரலில்.

திரும்பும்போது பஸ் போய்விட்டது. முழங்காலைத் திட்டிக்கொண்டே ஸ்டேஷன் வரை நடந்தோம். நடைமேடையில் ஒரு புறா இறகு கிடந்தது. பேத்தி அதை எடுத்து, தேநீர்க்கடை பில்லின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினாள். ட்ரிங் ஸ்டேஷன். தேதி. நேரம் எத்தனை என்று கேட்டு அதையும் எழுதினாள். கண்டெடுத்தவர் என்று போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"முதல்ல பாத்தது நீங்கதான். உங்க பேர்தான் வரணும். இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா அம்மாச்சி?"

"முன்னாடி" என்றேன். எழுதியதும் வாங்கி, ஒரு தடவை சரிபார்த்துக் கொடுத்தேன்.