நாலு ஸ்டிக் ராம்

டிசம்பர் 3, 2025, புதன்

கார்த்திகை தீபம். படிக்கு ஒன்றாக வீட்டில் அகல் வைத்தார்கள். டிட்வா புயல் மிச்சம் வைத்துப்போன தூறலில் பாதி அணைந்துவிட்டது. உள்ளே என் கம்ப்யூட்டருக்கும் அதே கதி. இருபத்திரண்டு நிமிடக் குறும்படம், 4கே ஃபுட்டேஜ், கலர் பார்க்க உட்கார்ந்தால் டைம்லைனை ஓர் அங்குலம் நகர்த்தவே மூச்சு வாங்குகிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி 97 சதவீதம். மூச்சு வாங்கத்தானே செய்யும்? இருப்பது ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக், அதுவும் 2666. 2020இல் ரைசன் 5 3600, பி450 போர்டு என்று நல்லதாகப் பார்த்து வாங்கிவிட்டு, காசு தீர்ந்ததும் ராமில் கைவைத்தேன். "அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்றேன். அந்த அப்புறம் வர ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

டிசம்பர் 4, வியாழன்

வந்த நேரம் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளில் விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தை மூடுவதாக நேற்று மைக்ரான் அறிவித்துவிட்டது. சரக்கு பிப்ரவரி வரைதான். இருபத்தொன்பது வருடப் பெயர். உலகத்து ராம் சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். மூன்றுமே இப்போது ஏஐ சர்வர்களுக்கான அடுக்கு மெமரி செய்யத்தான் ஓடுகின்றன. நம்மைப் போல ஒரு ஸ்டிக், இரண்டு ஸ்டிக் வாங்குகிறவன் வரிசையில் கடைசி ஆள். என் போர்டுக்கு வேண்டிய டிடிஆர்4 தயாரிப்பையும் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். டிடிஆர்5 வாங்கலாம் என்றால் பள்ளமே பொருந்தாது. போர்டு, பிராசஸர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இதே மைக்ரான் குஜராத்தில் சாணந்தில் சிப் பேக்கிங், டெஸ்டிங் ஆலை கட்டப்போவதாக 2023 ஜூனில் சொன்னபோது, ராம் விலை இறங்கும் என்று டீக்கடையில் அடித்துச் சொன்னவன் நான்.

டிசம்பர் 5, வெள்ளி

பவர் ஹவுஸ் பக்கம் மெட்ரோ வேலைப் பள்ளத்தைச் சுற்றிப்போய் மளிகை வாங்கி வந்தேன். ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பழைய பழக்கம்.

ராமில் எல்லோரும் பார்ப்பது பெரிய எண்ணை: 3200, 3600. கேட்டதும் எடுத்துக் கொடுக்க எத்தனை சுற்று காத்திருக்கிறது என்ற சின்ன எண், அந்த சிஎல், யார் கண்ணிலும் படுவதில்லை. 2000ஐ சிஎல்லால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோவினாடி வந்துவிடும். 3000 சிஎல் 15 என்றால் 10. 3200 சிஎல் 16க்கும் 10. 3600 சிஎல் 18க்கும் அதே 10. ஆனால் 3200 சிஎல் 22 என்றால் 13.75. என்னிடம் இருக்கும் 2666 சிஎல் 19க்கு 14.25. அதாவது மலிவு 3200ஐ வாங்கினால் காத்திருக்கும் நேரத்தில் அரை நானோவினாடிதான் லாபம்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. ஒற்றை ஸ்டிக் என்றால் ஒரே சேனல். 2666ஐ 8 பைட்டால் பெருக்கினால் வினாடிக்கு 21 ஜிபி சொச்சம். அதே இடத்தில் ஜோடியாக 3200 போட்டால் 51.2. இதற்கு ஓவர்கிளாக் எதுவும் வேண்டாம், இன்னொரு ஸ்டிக் போதும். என் வரிசை இதுதான்: முதலில் கொள்ளளவு, அப்புறம் ஜோடி, அப்புறம்தான் வேகம்.

வேகத்துக்கும் ஒரு வேலி உண்டு. இந்தத் தலைமுறை ரைசனில் உள்ளே ஓடும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் மெமரியும் ஒரே தாளத்தில் போக வேண்டும். 3600 ராம் என்றால் இரண்டும் 1800இல் சேர்ந்து ஓடும். அதற்குமேல் ஏற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் தாளம் பிரிந்து, வேகம் கூடியும் வேலை மந்தமாகும். ஆகவே 4000, 4400 என்று எழுதியிருப்பதெல்லாம் எனக்கு இல்லை.

உதவியாளன் தம்பி போன் செய்தான். அவனுடையது ஐ5-10400, எச்410 போர்டு. "அண்ணே, நானும் 3600 வாங்கவா?" வேண்டாம்டா என்றேன். அந்த பிராசஸர், போர்டு ஜோடியில் எதைச் செருகினாலும் 2666க்கு மேல் ஏறாது.

டிசம்பர் 6, சனி

ரிச்சி ஸ்ட்ரீட். கேசினோ தியேட்டர் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, சேற்றில் செருப்பை இழுத்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கினேன். 16 ஜிபி டிடிஆர்4 ஒரு ஸ்டிக் பத்தாயிரத்து ஐநூறு, ஜிஎஸ்டி சேர்த்து. மார்ச்சில் இதே கடையில் மூவாயிரத்துச் சொச்சம் கேட்டு, "யோசிச்சு வரேன்" என்று நான் திரும்பியது நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது. "காலைல ஒரு ரேட், சாயங்காலம் ஒரு ரேட் சார். பாண்டி பஜார்ல நகைக்கடை போர்டு இருக்கே, அது மாதிரி ஆயிடுச்சு" என்றார் கடைக்கார பாய்.

அடுத்த கடைப் பையன் கலர் கலராக மினுங்கும் ஒன்றை எடுத்து வைத்தான். பேர் தெரியாத கம்பெனி. திருப்பிப் பார்த்தால் 3200, சிஎல் 22. "சிஎல்லா? அதெல்லாம் கேமிங்குக்கு ஒண்ணும் ஆகாது சார், லைட் பாருங்க" என்றான். பார்த்தேன். நல்ல லைட்.

ஸ்டிக்கின் மேல் போர்த்தியிருக்கும் தகடு சட்டை மாதிரி. உள்ளே யாருடைய சிப் என்பதுதான் ஆள். சாம்சங் பி-டை என்பதற்காக ஒரு காலத்தில் ஆட்கள் அலைந்தார்கள். விலை அதிகம். அதற்கு ஏழையின் மாற்று மைக்ரான் ஈ-டை: மலிவான 3000 ஸ்டிக்காக விற்பார்கள், கொஞ்சம் வோல்டேஜ் கொடுத்தால் 3600 ஓடும். வெளியே இருந்தே மோப்பம் பிடிக்கவும் வழி உண்டு. கோர்சேர் வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸ் ஸ்டிக்கரில் "வெர்" என்று பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். 3இல் தொடங்கினால் மைக்ரான், 4 என்றால் சாம்சங், 5 என்றால் ஹைனிக்ஸ். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் கடைக்காரர் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வெறுங்கையோடு திரும்பினேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

ரிச்சி ஸ்ட்ரீட் லீவு. மதியம் பழைய எடிட்டர் சார் போன். நான் அசிஸ்டென்டாக இருந்தது அவரிடம்தான். சாலிகிராமத்து எடிட் சூட்டை மூடுகிறாராம். "இடத்துக்கு வாடகை கட்டறதுக்கே படம் பண்ணிட்டிருக்கேன்பா. போதும்." மெஷினைப் பிரித்து விற்கிறார். ராம் என்ன சார் என்றேன். 2019இல் வாங்கிய பாலிஸ்டிக்ஸ், 8 ஜிபி, நாலு. எனக்கு நாக்கில் தண்ணீர் ஊறியது. அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

சூட்டில் ஏசி ஓடவில்லை. சுவரில் ஸ்பீக்கர் இருந்த இடத்தில் இரண்டு வெள்ளைச் சதுரம். சார் ஸ்டிக்குகளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். பாலிஸ்டிக்ஸ் ஸ்போர்ட் எல்டி, 3000 சிஎல் 15. பார்ட் நம்பரின் வாலில் எம்8எஃப்இ. ஈ-டையேதான். இந்த பாலிஸ்டிக்ஸ் வரிசையை மைக்ரான் 2022லேயே நிறுத்திவிட்டது.

"ஒண்ணு மூவாயிரத்துக்கு வாங்கினேன். நீ ரெண்டாயிரம் குடு" என்றார். வெளியில் இன்றைய விலை என்னவென்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் இரவு தூக்கம் வந்திருக்காது. "நான் என்ன ரிச்சி ஸ்ட்ரீட்டா வச்சிருக்கேன்?" என்று சிரித்து எட்டாயிரத்தோடு நிறுத்திக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

டிசம்பர் 9, செவ்வாய்

முதலில் இரண்டு மட்டும். பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது பள்ளம். பயாஸில் எக்ஸ்எம்பி போட்டால் 3000, 1.35 வோல்ட். அது தயாரிப்பாளன் எழுதிவைத்த சீட்டு, அவ்வளவுதான். நான் கையால் 3600 வைத்தேன், 16-19-19-38, 1.4 வோல்ட். ஈ-டையில் அந்த இரண்டாவது எண் பிடிவாதக்காரன், எவ்வளவு வோல்டேஜ் கொடுத்தாலும் இறங்காது. 19க்குக் கீழே கேட்டதும் திரை கறுத்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் க்ளியர் சிமாஸ் பின்னைத் தொட்டு ஆளை எழுப்பினேன். மறுபடி 19. ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட், பிழை பூஜ்யம். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. மணி ஐந்து. பால்காரர்தான் வந்தார்.

டிசம்பர் 10, புதன்

நாலும் போட்டேன். 3600இல் எழவே இல்லை. 3466இல் எழுந்தது, மெம்டெஸ்டில் மூன்றாவது சுற்றில் இரண்டு பிழை. இரண்டுதானே என்று ரெண்டர் விட்டுப் பார்த்தேன். ஒன்பதாவது நிமிடத்தில், ஹீரோயின் முகத்தில் ஒரே ஒரு ஃபிரேம் பச்சை. பிரிவ்யூவில் நானே தவறவிட்டேன், தம்பிதான் பிடித்தான். பிழையுள்ள ராம் கத்துவதில்லை. ஃபைலுக்குள் எங்கேயோ ஒரு பிட்டைத் திருப்பிவைத்துவிட்டு அமைதியாக இருக்கும்.

போர்டைக் குற்றம் சொல்லவும் முடியாது. இந்த ரைசனுக்கு ஏஎம்டி உறுதி சொல்வது இரண்டு ஸ்டிக் என்றால் 3200. நாலு என்றால் 2933தான்.

டிசம்பர் 12, வெள்ளி

நேற்று முழுக்க மனசுக்குள் பஞ்சாயத்து. 16 ஜிபி 3600இல், அல்லது 32 ஜிபி அதற்குக் கீழே. கௌரவம் முதல் பக்கம். குறும்படமோ ப்ராக்ஸி இல்லாமல் ஓட 24 ஜிபி வரை கேட்கிறது.

இன்னொன்றும் உறுத்தியது. நான் சோதிப்பது டிசம்பர் மழையில், ஃபேன்கூட வேண்டாத அறையில். ராமின் ஒவ்வொரு செல்லும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர். ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு, இன்றும் அடிப்படையில் அதேதான். அந்தக் கெபாசிட்டர் ஓட்டைக் குடம். 64 மில்லிவினாடிக்குள் ஒருமுறை திரும்ப நிரப்பியாக வேண்டும். சூடு ஏற ஏற ஒழுக்கு கூடும். இங்கே அக்னி நட்சத்திரத்தில், கரண்ட் போய் ஏசி நின்ற மதியத்தில், இன்று பாஸாகும் செட்டிங் என்ன செய்யும்? குளிர்ந்த ஊர்க்காரர்கள் எழுதிவைத்த செட்டிங்கை அப்படியே போட்டுவிட்டு மே மாதம் போர்டைத் திட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை.

நாலு ஸ்டிக், 3200, 16-18-18-36, 1.35 வோல்ட். ஏஎம்டி சொன்னதைவிடவும், ஸ்டிக்கரில் உள்ள 3000ஐவிடவும் மேல்தான். மூடியை அடைத்து, ஃபேனை வேண்டுமென்றே குறைத்து, அறைக்கதவைச் சாத்தி ஒரு ராத்திரி ஓட்டினேன். பிழை இல்லை.

டிசம்பர் 13, சனி

குறும்படம் போய்ச் சேர்ந்தது. பச்சை ஃபிரேம் இல்லை என்று தம்பி மூன்று தரம் பார்த்து உறுதி சொன்னான்.

மிச்சம் அந்தப் பழைய 2666 ஒற்றை ஸ்டிக். பாய்க்குப் போட்டோ அனுப்பினேன், சும்மா விலை கேட்க. "2,800 தரேன் சார், இன்னிக்கே கொண்டாங்க." 2020இல் நான் கொடுத்தது 2,600. வீட்டில் சொன்னேன். "அப்ப விக்காதீங்க" என்று வாங்கிக்கொண்டுபோய் பீரோவில், வளையல் டப்பா பக்கத்தில் வைத்துப் பூட்டினாள்.