செங்கோட்டையிலிருந்து செங்கோட்டைக்கு

எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. போன வருஷம் ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் ஹங்கேரி போனேன். புடாபெஸ்ட் வாடகை கட்டுப்படியாகல. அதனால ரயிலில் சுமார் அரை மணி நேரம் தள்ளி, காடும் மலையும் சூழ்ந்த ஒரு சின்ன ஊரில் ரூம் எடுத்தேன். பெயர் பிலிஷ்வோரோஷ்வார். வாயில் நுழையலையா? எனக்கும் ஒரு வாரம் ஆச்சு. அர்த்தம் தெரிஞ்சதும் சிரிச்சுட்டேன். பிலிஷ் அங்கே இருக்கிற மலை. வோரோஷ்னா சிவப்பு, வார்னா கோட்டை. நம்ம ஊரேதான்!

காலையில் பாதி ஊர் புடாபெஸ்ட் ரயிலைப் பிடிக்க ஓடும். நானும் ஓடுவேன். சாயங்காலம் திரும்பினா காட்டு வாசனை, அமைதி. வீட்டுக்காரப் பாட்டிக்கு எண்பது தாண்டியாச்சு. அவங்க மட்டும் ஊரை 'வெரிஷ்வார்'னு சொல்வாங்க. அது ஜெர்மன் பெயர். துருக்கியர் ஆட்சி முடிஞ்ச பிறகு, 1600-களின் கடைசியில் இங்கே குடியேறினவங்க ஜெர்மன்காரங்க.

ஒரு ராத்திரி பாட்டி பேசப் பேச, பேத்தி எனக்கு இங்கிலீஷில் சொன்னா. 1941 கணக்கெடுப்பில் 'தாய்மொழி ஜெர்மன்'னு பதிஞ்சவங்களையும், போருக்கு அப்புறம் நாட்டை விட்டு அனுப்பச் சட்டம் வந்துச்சு. 1946-ல் பல குடும்பங்களை ரயிலில் ஏத்தி ஜெர்மனிக்கு அனுப்பிட்டாங்க. பாட்டியோட சித்தியும் போனாங்க. பாட்டி வீடு தப்பிச்சது. ஆனா அதுக்கப்புறம் அவங்க அம்மா ஜன்னலைச் சாத்திட்டுத்தான் ஜெர்மன் பேசுவாங்களாம்.

"உனக்கு அது வருமா?"ன்னு பேத்தியைக் கேட்டேன். "ஸ்கூல்ல படிச்ச ஜெர்மன் வரும். பாட்டியோடது வராது."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. என் ஸ்கூலில் தமிழ் பேசினா 10 ரூபாய் ஃபைன். என்னை யாரும் ரயிலில் ஏத்தல, ஜன்னலைச் சாத்தச் சொல்லல. வெறும் 10 ரூபாய்க்குப் பயந்து நானே விட்டுட்டேன்.

கிளம்புற அன்னிக்குப் பாட்டி ஒரு பேப்பரை நீட்டி, ஊர் பெயரை என் எழுத்தில் எழுதச் சொன்னாங்க. 'செங்கோட்டை'ன்னு எழுதினேன். எழுதுறதுக்கு முன்னாடி போனில் பார்த்துச் சரிபார்த்தேன், சொந்த ஊர் பெயரை! பாட்டிக்கு அது தெரியாது. உங்ககிட்ட மட்டும் சொல்றேன்.

இந்தக் கட்டுரையை எழுத நாலு சாயங்காலம் ஆச்சு. ர, ற எல்லாம் அம்மா திருத்தினது. அடுத்ததை நானே திருத்தணும்.